ஒன்பது நாள் மேகம்

“அப்போ பத்தே முக்காலுக்கு ஒன்னு, ஒன்றரைக்கு ஒன்னு. நடுவுல எதுவும் வராது?”

“வராதுண்ணா. நடுவுல நடுவுல வர அது என்ன டவுன் பஸ்ஸா?”

“லேட்டாகுமா?”

“கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும். ஆனா வராம இருக்காது. அதுக்கு லீவே கிடையாது.”

“ஒன்றரைக்கு அப்புறம்?”

“அப்புறம் மறுநாள் காலையிலதான். ராத்திரியும் ஒரு தடவை வரும். ஆனா இருட்டுல புகை எங்க தெரியப்போகுது?”

அண்ணன் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, துவைக்கக் கொண்டுவந்திருந்த சட்டைகளைப் பையோடு மேசைமேல் வைத்து, வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினார்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தது செயற்கைக்கோள்களைப் பற்றி. தங்கைக்குக் காற்றுக் கண்காணிப்பு அலுவலகத்தில் வேலை. தலைக்கு மேல் பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் கடந்துபோகும் செயற்கைக்கோள்கள் நகரத்தைப் படம் எடுத்து அனுப்பும். எங்கே மேகம், எங்கே புகை, புகை எங்கிருந்து கிளம்பி எந்தத் திசையில் போகிறது என்று அந்தப் படத்தைப் பார்த்துக் குறிப்பது அவள் பொறுப்பு. அவள் குறித்தது அரை மணி நேரத்தில் நகரத்தின் காற்று வரைபடத்தில் ஏறும். ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கைப்பேசியில் பார்ப்பார்கள்.

முப்பத்தெட்டு வயதிலும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு இந்தத் தெருவுக்கும் அவள் பாப்பா ஆகிவிட்டாள். பன்னிரண்டு வருட வேலையில் அதைப் பற்றி இத்தனை கேள்வி கேட்ட முதல் ஆள் அண்ணன்தான். அன்று முழுக்க அவளுக்கு மனம் மிதந்துகொண்டிருந்தது.

அவர் எதற்காகக் கேட்டார் என்று அவள் யோசிக்கவில்லை.

பாப்பாவின் வீடு ஆற்றின் இந்தக் கரையில், ஒரு சலவை நிலையத்தின் மேல்மாடி. கீழே மூன்று பெரிய துவைக்கும் எந்திரங்கள், நடுவில் ஒரு நீளமான இஸ்திரி மேசை. மொட்டை மாடியில் சுவருக்குச் சுவர் பதினாறு கொடிகள். நிலையத்தை நடத்துபவர் அவள் கணவர். துணிக்குப் போடும் நீலம் விரல் நுனிகளில் நிரந்தரமாக ஊறிப்போனதால் எல்லோரும் அவரை நீலம் என்றே கூப்பிட்டார்கள். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் முழுவதும் அவரிடம்தான் வந்தன. உலர்த்தும் எந்திரம் வாங்கும்படி பலபேர் சொல்லிப் பார்த்தார்கள். வெயிலில் காய்ந்த விரிப்பில் படுத்தால்தான் நோயாளிக்கு வெளியுலகம் ஞாபகம் வரும் என்று அவர் மறுத்துவிட்டார்.

நீலத்துக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மனைவியின் வரைபடத்தில் நம்பிக்கை உண்டு என்று தெருவுக்கே தெரியும். காலை பதினொன்றரைக்கு ஒரு முறை, மதியம் இரண்டு மணிக்கு ஒரு முறை கைப்பேசியை எடுப்பார். ‘வானம் சுத்தம்’ என்று பச்சை வட்டம் இருந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார். ‘மேகமூட்டம்’ என்று சாம்பல் வட்டம் இருந்தால், வெயில் மண்டையைப் பிளந்தாலும், மழை வரும் என்று கொடியிலிருப்பதை எல்லாம் உருவிக்கொண்டு இறங்குவார்.

அண்ணன் வந்துபோன வாரத்திலிருந்து ஒரு விசித்திரம் தொடங்கியது. காலையில் காயப்போட்ட விரிப்புகள் வெள்ளை வெளேரென்று இறங்கின. மதியம் பச்சை வட்டம் பார்த்துவிட்டுக் காயப்போட்டவை, யாரோ பென்சில் சீவிக் கொட்டிய மேசை விரிப்புபோல, பொடிப்பொடியான கரும்புள்ளிகளோடு இறங்கின.

ஆற்று வளைவில், எதிர்க்கரையில் இருந்தது அண்ணனின் பழைய இரும்புக் கிடங்கு. துருப்பிடித்த கதவுகள், உடைந்த சைக்கிள்கள், மோட்டார்கள், மலைபோல் மின்கம்பிச் சுருள்கள். கம்பிக்குள் இருக்கும் செம்பை எடுக்க மேலுறையை நீக்க வேண்டும். கத்தியால் சீவினால் ஒரு சுருளுக்கு அரை நாள் ஆகும். குவித்து எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினால் இருபது நிமிடம். நகரத்தில் அப்படிக் கொளுத்தக் கூடாது என்று சட்டம் இருந்தது. அதனால் அண்ணன் தினமும் கையில் கடிகாரத்தோடு நின்று, மணி ஒன்றே முக்கால் ஆன பிறகுதான் தீக்குச்சியைக் கிழித்தார். மேலே கடந்துபோன செயற்கைக்கோள் திரும்பி வர மறுநாள் ஆகும். அதற்குள் ஆற்றுக் காற்று புகையைத் துடைத்துவிடும். தன்னுடைய சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. அதில் கெட்ட எண்ணம் என்று எதுவும் இல்லை. புகை என்பது மேலே போய் ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகிற பொருள் என்று அவர் மெய்யாகவே நம்பினார்.

பிறகு ஒரு நாள் காற்று நின்றது.

மறுநாள் காலைப் படத்தைத் திறந்த பாப்பா, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஆற்று வளைவில் தொடங்கி, ஈர விரலால் இழுத்துவிட்டதுபோல் ஒரு சாம்பல் கோடு. ஆற்றைக் கடந்து வந்து, அவள் தெரு இருக்கும் இடத்தில் அகன்று, கரைந்திருந்தது. அவள் வெப்பப் படத்துக்கு மாற்றிப் பார்த்தாள். மேகம் குளிர்ச்சியானது, அதனால் வெப்பப் படத்தில் பளிச்சென்று நிற்கும். மெல்லிய புகை அதில் காணாமல் போகும். அந்தக் கோடு காணாமல் போயிற்று. பழைய படத்துக்கு வந்தாள், மறுபடி இருந்தது. கண்ணாமூச்சி ஆடும் குழந்தையைப்போல.

கோடு தொடங்கும் புள்ளியைப் பெரிதாக்கினாள். அவளுக்கு அந்த இடத்தின் கதவு என்ன நிறம் என்றுகூடத் தெரியும்.

தொலைபேசியில் அண்ணன் முதலில் அது ஆற்றுப் பனியாக இருக்கும் என்றார். பிறகு பக்கத்துக் கிடங்கின் வேலை என்றார். பக்கத்தில் கிடங்கே இல்லை என்று அவள் சொன்னதும், சின்ன வயதில் அவள் கண்ணாடி ஜாடியை உடைத்தபோது பழியைத் தான் ஏற்றுக்கொண்ட கதையை எடுத்தார். கடைசியாக, ரொம்பச் சாதாரணமாக, ஒரு வார்த்தை சொன்னார்.

“மேகம்னு போட்டுடேன் பாப்பா.”

அந்த அலுவலகத்தில் அது பெரிய குற்றமாகத் தோன்றாததற்கு ஒரு காரணம் இருந்தது. படத்தில் சந்தேகமான இடத்தைத் தொட்டால் மேகம், மூடுபனி, தூசி, புகை என்று நான்கு பெயர்கள் விரியும். முதல் மூன்றில் எதைத் தொட்டாலும் வேலை முடிந்தது. புகையைத் தொட்டால்தான் வேலை ஆரம்பம். இரண்டு பக்கப் படிவம், உரிமையாளருக்குக் கடிதம், அதற்கு நினைவூட்டல், பிறகு நேரில் ஆய்வு, ஆய்வுக்கு வண்டி கேட்டு இன்னொரு கடிதம். அதனால் ‘டவுட்டுன்னா மேகம்’ என்பது அங்கே எழுதப்படாத விதியாக ஆகியிருந்தது. யாரும் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. சந்தேகத்தின் பலனை வானத்துக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்த அலுவலகத்தின் கணக்குப்படி நகரத்தின் மேல் எப்போதும் கொஞ்சம் மேகம் இருந்தது. மழைதான் கணக்குக்குக் கட்டுப்படவில்லை.

பாப்பாவுக்கு அன்று சந்தேகம்கூட இல்லை. இருந்தும் அவள் விரல் ‘மேகம்’ என்ற சொல்லின்மேல் இறங்கியது.

காற்று ஒன்பது நாள் அசையவில்லை. ஒன்பது நாளும் காலைப் படத்தில் அந்தக் கோடு இருந்தது. மதியப் படத்துக்குள் வெயில் ஏறி அதைக் கலைத்துவிடும். அவள் ஒன்பது நாளும் காலையில் மேகம் என்று குறித்தாள்.

வீட்டில் அந்த ஒன்பது நாளும் நடந்ததைச் சொன்னால் சிரிப்புத்தான் வரும். பதினொன்றரைக்குச் சாம்பல் வட்டத்தைப் பார்த்ததும் நீலம் மாடிக்கு ஓடுவார். பதினாறு கொடி விரிப்புகளையும் உருவிக்கொண்டு, கீழே எங்கே வைப்பது என்று தெரியாமல், இஸ்திரி மேசையிலும் நாற்காலிகளிலும் போர்த்தி, தானும் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குக் காத்திருப்பார். வெளியே வெயில் பளீரென்று அடிக்கும். எதிர்வீட்டுத் தையற்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, உங்கள் வீட்டம்மா வளர்க்கிற மேகம் பெய்யவே பெய்யாதா என்று கேட்பார். மழை வராவிட்டால் என்ன, வரப் பார்த்ததே என்று நீலம் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்வார். இரண்டு மணிக்குப் பச்சை வட்டம் வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி தூக்கிக்கொண்டு போய்க் காயப்போடுவார். சரியாக அந்த நேரத்தில்தான் அக்கரையில் தீக்குச்சி கிழிக்கப்படும்.

விரிப்புகள் புள்ளிப் புள்ளியாக இறங்கின. முதல் தடவை மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தபோது நீலம் சோப்பை மாற்றினார். அடுத்து தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வைத்து ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தண்ணீராகவே இருந்தது. பிறகு முதல் எந்திரத்தைப் பிரித்தார். உள்ளே இரண்டு பொத்தான்களும், காணாமல்போன ஒரு குழந்தையின் காலுறையும் கிடைத்தன. கரி கிடைக்கவில்லை. மாட்டினார். மறுபடி பிரித்தார்.

இதற்கு நடுவில் அண்ணன் தன் சட்டைகளை வாங்க வந்தார். ஒன்றை விரித்துப் பார்த்து, காலரை வெளிச்சத்தில் பிடித்தார்.

“மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வெளுப்பு முன்ன மாதிரி இல்ல.”

“எனக்கே தெரியுது மச்சான். எங்கயோ கோளாறு. கண்டுபிடிச்சிடறேன்.”

மேலே படியில் நின்றிருந்த பாப்பா இதைக் கேட்டாள். இறங்கி வந்து சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு படி இறங்கினாள். அண்ணன் அவளைப் பார்த்து, சின்ன வயதில் ஜாடி உடைந்தபோது சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

ஒன்பதாவது நாள் மதியம் மருத்துவமனையின் துணிப் பொறுப்பாளர் அம்மா நேரில் வந்தார். அரை நாள் விடுப்பில் இருந்த பாப்பா அப்போதுதான் தேநீர்த் தட்டோடு படி இறங்கிக்கொண்டிருந்தாள். வந்தவர் ஒல்லியான பெண்மணி, வெள்ளைக் கோட்டின் பையில் நான்கு பேனா. கைவண்டியில் ஒரு மூட்டையைத் தள்ளிக்கொண்டு வந்து இஸ்திரி மேசையில் அவிழ்த்தார். இது இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை வந்தால் வேறு நிலையத்தைப் பார்க்கச் சொல்லி மேலிடத்தில் உத்தரவு என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பதினோரு வருடப் பழக்கம். அதனால் அது இன்னும் கனமாக இருந்தது.

நீலம் தவறு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். காற்றில் ஏதாவது இருக்கலாமோ என்று அந்த அம்மா கேட்டதற்கு, கைப்பேசியை எடுத்து வரைபடத்தைக் காட்டினார்.

“காத்துல ஒன்னும் இல்லைங்க. பாருங்க, காலையில மேகம், இப்போ சுத்தம். இது என் வீட்டம்மா போடறது. அதுல தப்பு வராது. கோளாறு என்கிட்டதான்.”

துணிப் பொறுப்பாளர் அம்மா வரைபடத்தையும் பார்த்தார், விரிப்பையும் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலால் ஒரு கரும்புள்ளியைத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார்.

“ரப்பர் எரிஞ்ச வாசனை. ரெண்டு வாரமா எங்க வார்டுலயும் இதே வாசனைதான். இருமலோட வர்றவங்களுக்குப் படுக்கை பத்தல.” அவர் விரலைத் துடைத்துக்கொண்டார். “மேகத்துல கரி இருக்குமாங்க?”

நீலம் விரிப்பை எடுத்துத் தானும் முகர்ந்து பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பதில் பாப்பாவிடம் இருந்தது. அவள் தட்டை மேசையில் வைத்தாள். அந்த அம்மா போன பிறகு அவள் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் நீலம் ஏற்கனவே தரையில் குந்தி, திருகாணிகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, மூன்றாவது முறையாக எந்திரத்தைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார். நேர்மையான ஒரு மனிதர், அவள் எழுதிய ஒரு பொய்யை நம்பி, தன்னிடம் இல்லாத குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபடி சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. எழுத்தில் செய்ததை முதலில் எழுத்தில் சரிசெய்வோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் பத்தே முக்காலுக்கு வந்த படத்தில் கோடு அப்படியே இருந்தது. அவள் ‘புகை’யைத் தொட்டாள். இரண்டு பக்கப் படிவம் விரிந்தது. தொடங்கும் இடம், நீளம், திசை எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டே வந்தவள், இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு கேள்வியில் நின்றாள். குறிப்பவருக்கும் இடத்தின் உரிமையாளருக்கும் உறவு உண்டா, உண்டெனில் விவரம் தருக. பன்னிரண்டு வருடத்தில் யாரும் அந்தக் கட்டத்தை நிரப்பி அவள் பார்த்ததில்லை. ‘உடன்பிறந்த அண்ணன்’ என்று எழுதினாள். புகை மட்டும், கடிதம் போன பிறகுதான் வரைபடத்தில் ஏறும்.

பிறகு பழைய ஒன்பது நாட்களையும் திறந்தாள். திருத்தலாம், ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் எழுதினால்தான் கணினி ஏற்கும். முதல் பெட்டியில் ‘கவனக்குறைவு’ என்று அடித்தாள். வழக்கமாக எல்லோரும் அடிக்கும் சொல் அது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அந்த இடத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதினாள். ‘தெரிந்தே.’ அடுத்த பெட்டியிலும் அதே. ஒன்பது முறை.

மதியம் தலைமை அதிகாரி அவளைக் கூப்பிட்டனுப்பினார். இருபத்தாறு வருடமாகக் காரணப் பெட்டிகளைப் படித்துவருகிறேன், இப்படி ஒரு சொல்லைப் பார்த்ததே இல்லை என்றார். அது எழுத்துப்பிழையாக இருக்குமோ என்றுகூடக் கேட்டுப் பார்த்தார், பாவம், அவளுக்கு ஒரு வழி விடுவதற்காக. இல்லை என்றாள். சரி, மூன்று மாதத்துக்கு அவள் குறிப்பதை எல்லாம் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், பணிப்பதிவேட்டில் கண்டனம் ஏறும் என்றார். அவள் சரி என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, போன மாதம் ஆலைப் பகுதியில் தான் குறித்த மூன்று மேகங்களைப் பற்றித் தனக்கும் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

அவள் இடத்துக்குத் திரும்பியபோது செய்தி முன்னாலேயே வந்திருந்தது. அன்று மாலைவரை அந்த அறையில் விசைப்பலகைச் சத்தம் ஓயவில்லை. எல்லோரும் பழைய மேகங்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விடுமுறை நாள் காலை, அண்ணன் கையில் கடிதத்தோடு சலவை நிலையத்துக்குள் நுழைந்தார். நுழையும்போதே குரல் தெருவுக்குக் கேட்டது. கிடங்கைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோ அவர் பேசவில்லை. அவரைக் கொதிக்க வைத்தது வேறு.

“அன்புடையீர்னு போட்டிருக்கா, மாப்பிள்ளை. எனக்கு. கூடப் பொறந்தவனுக்கு. பெறுநர், உரிமையாளர், பழைய இரும்புக் கிடங்கு. அன்புடையீர். கீழ இங்ஙனம்னு கையெழுத்து.”

நீலம் எந்திரத்தின் முன்னாலிருந்து எழுந்து, அவரை உட்காரச் சொல்லி, கடிதத்தை வாங்கிப் படித்தார். மெதுவாகப் படித்தார். இன்னின்ன தேதிகளில் தங்கள் இடத்திலிருந்து கிளம்பிய புகை ஆற்றைக் கடந்து இன்ன தெருவரை பரவியதாகப் படங்களில் தெரிகிறது. பதினைந்து நாட்களுக்குள் எரிப்பதை நிறுத்தி விளக்கம் தர வேண்டும். ‘இன்ன தெரு’ என்பது அவருடைய தெரு. தேதிகளை அவர் விரல்விட்டு எண்ணினார். படியில் வந்து நின்ற மனைவியைப் பார்த்தார்.

“ஒன்பது நாளும் உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

நீலம் கடிதத்தை மடித்தார். விரித்தார். மறுபடி அதே மடிப்பில் மடித்தார்.

“நான் அந்த மெஷினை மூணு தடவை பிரிச்சேன்,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பாப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணனுக்காகச் செய்ததையும், பிறகு அதைத் திருத்தியதையும், கண்டனம் வாங்கியதையும், இதை எல்லாம் சொல்லத் தினமும் வந்து வந்து அவர் கையில் திருப்புளியைப் பார்த்துத் திரும்பிப் போனதையும், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். அழவில்லை. ஆனால் குரல், சரியாக மாட்டாத திருகாணிபோல் இடையிடையே நழுவியது.

அண்ணன் கத்துவதற்காக வந்தவர். ஆனால் கத்த வேண்டிய இடம் தன்னைத் தாண்டிப் போய்விட்டதை அவர் உணர்ந்தார். எந்திரத்தைப் பார்த்தார். வரிசையாக அடுக்கியிருந்த திருகாணிகளைப் பார்த்தார். மூலையில் மூட்டையாக இருந்த புள்ளி விரிப்புகளைப் பார்த்தார். பிறகு தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். அதுவும் சாம்பல் பூத்துத்தான் இருந்தது.

“மாப்பிள்ளை, ஒன்னு சொல்லணும்,” என்றார் தயக்கமாக. “போன வாரம் நாலு சட்டையை வேற கடையில குடுத்தேன். உங்களுக்குத் தெரியாம.”

“வெள்ளையா வந்துச்சா?”

“இல்ல. இதைவிட மோசம். அவன் மாடி எங்க கிடங்குக்கு இன்னும் கிட்ட.”

முதலில் சிரித்தது யார் என்று பிற்பாடு அவர்களுக்குள் சண்டையே வந்தது. பாப்பாதான் என்றார் அண்ணன். நீலம்தான் என்றாள் பாப்பா. யாராயிருந்தாலும், மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் தையற்காரரின் ஜன்னல் திறந்தது. சிரிப்பு அடங்கியதும் நீலம் அண்ணனின் சட்டைக் காலரை நீல விரல்களால் பிடித்துப் பார்த்து, இது போட்டுக்கொள்கிற மாதிரி இல்லை, கழற்றிக் கொடுங்கள், மறுபடி துவைக்கிறேன் என்றார். அண்ணன் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு மருத்துவமனை விரிப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

“மேல போனா போயிடும்னு நெனச்சேன் பாப்பா,” என்றார். “எங்கயும் போகல. ஆத்தைத் தாண்டி நேரா உன் கொடியில வந்து உக்காந்திருக்கு. எவனோ ஒருத்தன் மூக்குலயும். நம்ம வீட்டுக் குப்பையை வானத்துல கொட்டினா, அது பக்கத்து வீட்டுல இறங்கும். அதுக்கு மேகம்னு பேர் வெச்சாலும் கரி கரிதான்.”

பேர் வைத்தவள் நான்தான் என்று பாப்பா மெதுவாகச் சொன்னாள். சொந்தக்காரன் என்பதற்காக மறைத்த புகை முதலில் சொந்த வீட்டைத்தான் கருப்பாக்கியது. யாருடையது என்று பார்க்காமல் அன்றைக்கே புகை என்று எழுதியிருந்தால், அண்ணனுக்கு ஒரு கடிதத்தோடு போயிருக்கும். அத்தனைபேர் இருமியிருக்க வேண்டாம்.

நீலம் ஏற்கனவே வேறு யோசனையில் இருந்தார். கம்பியின் உறையைச் சீவுவதற்குக் கையால் சுற்றும் எந்திரம் ஒன்று விற்கிறார்களே, அதன் பற்சக்கரம் எப்படி இருக்கும் என்று அண்ணனைக் கேட்டார். பிரித்துப் பழகிய கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

மூன்றாம் வாரம் கிடங்கில் அந்த எந்திரம் ஓடியது. நீலம் அதில் ஒரு சக்கரத்தை மாற்றி, சுருளுக்கு அரை நாள் என்பதை ஒரு மணி நேரமாகக் குறைத்திருந்தார். சுற்றுவதற்கு இரண்டு பெண்கள் புதிதாக வேலைக்கு வந்தார்கள். உறை நீளநீளமாக, ஆப்பிள் தோல்போல் உரிந்து விழுந்தது. செம்பு கரி படியாமல், புதிதாகப் பளபளத்தது. கொளுத்தி எடுத்ததைவிட இதற்கு நல்ல மதிப்பு என்று தெரிந்தபோது, இத்தனை வருடம் எதற்குக் கண் எரிய நின்றேன் என்று அண்ணன் தன்னையே திட்டிக்கொண்டார். மருத்துவமனைக்குப் போன மூட்டை திரும்பி வரவில்லை. துணிப் பொறுப்பாளர் அம்மாவிடமிருந்து ஒரு சீட்டு மட்டும் வந்தது. ‘வெள்ளை. நன்றி. வார்டில் ஜன்னல்களைத் திறந்திருக்கிறோம்.’ நீலம் அதை இஸ்திரி மேசைக்கு மேல் ஒட்டிவைத்தார்.

அடுத்த விடுமுறை நாளில் பாப்பாவும் நீலமும் கிடங்குக்குப் போனார்கள். மதியம். கம்பிச் சுருள்களின்மேல் வெயில் உட்கார்ந்திருந்தது. ஆற்றுக் காற்று திரும்பி வந்திருந்தது. முற்றத்தில் எரித்த இடம் மட்டும் இன்னும் வட்டமாகக் கருத்திருந்தது. அண்ணன் எங்கே என்று தேடினால், உள்ளேயிருந்து நீலம் வெளுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர்போல் இருந்தார்.

“மணி என்ன பாப்பா?”

“ஒன்னு இருபத்தஞ்சு.”

“அப்போ வர்ற நேரம்தான்.”

அவர் அந்தக் கருப்பு வட்டத்தின் நடுவில் போய் நின்றார். கையைக் கட்டினார், சரியில்லை என்று அவிழ்த்தார், பக்கவாட்டில் நேராகத் தொங்கவிட்டுக்கொண்டார். கண்ணை இடுக்கி அண்ணாந்து பார்த்தார். மேலே ஒன்றும் இல்லை, வானத்து நீலத்தைத் தவிர.

பாப்பாவுக்குத் தெரியும். அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது இந்தக் கிடங்கு முழுவதும், பக்கத்திலுள்ள ஆற்றுத் துண்டும் சேர்ந்தது. அதற்குள் ஒரு மனிதர் தெரிய வழியே இல்லை, எவ்வளவு வெள்ளையாக உடுத்தியிருந்தாலும். அவள் நீலத்தைப் பார்த்தாள். நீலம் சிரிப்பை அடக்கிக்கொண்டு எந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பாப்பா,” என்றார் அண்ணன், உதடு அசையாமல், அசைந்தால் படம் கெட்டுவிடும் என்பதுபோல. “நாளைக்கு ஆபீஸ் போனதும், இன்னைக்கு எடுத்த படத்துல நான் நிக்கிறதை மட்டும் பெருசாக்கி ஒன்னு போட்டுத் தர்றியா?”